தகடு உருட்டும் உருளைகள்

பழவேற்காட்டு ஏரிக்குத் தெற்கே, பக்கிங்காம் கால்வாய்க்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் மணற்பரப்பு காட்டுப்பள்ளி. மீனவர் குப்பங்கள் உள்ள அக்கரையில் இன்று ஒரு கப்பல் கட்டும் தளமும் உண்டு. 2017 ஜூன் மாதத்தில் அங்கிருந்து நீரில் இறக்கப்பட்ட கடற்படையின் மிதக்கும் துறை 185 மீட்டர் நீளமுடையது. கனத்த எஃகுத் தகடுகளால் ஆனது. அதே கரையில் ஒரு வீட்டின் எவர்சில்வர் தூக்குச்சட்டியும் எஃகுத் தகடுதான். அதன் கனமோ ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. இருவகைத் தகடும் சுழலும் உருளைகளுக்கிடையே நசுங்கிப் பிறந்தவையே. ஆயினும் இரண்டையும் ஒரே ஆலையில் உருட்டுவதில்லை. ஏன்?

மீன்கூடையைக் கழியில் கோத்து இருவர் தோளில் சுமப்பதைப் பார்த்திருப்பீர்கள். கழி நடுவில் வளைகிறதல்லவா? இரு முனைகளில் மட்டும் தாங்கப்பட்ட உருளையும் அவ்வாறே வளையும். அப்போது தகட்டின் நடுப்பகுதி தடித்தும் ஓரங்கள் மெலிந்தும் போகும். மெலிந்த ஓரம் மிகுதியாக நீளுவதால் தகடு அலையலையாய் நெளியும்.

அப்படியானால் பருத்த உருளையைப் பூட்டிவிடலாமே என்று கேட்பீர்கள். கனத்த தகட்டுக்கு அது பொருந்தும். மெல்லிய தகட்டுக்குப் பொருந்தாது. பருத்த உருளை தகட்டை நீண்ட பரப்பில் தொடுகிறது; அப்பரப்பெங்கும் உராய்வு உலோகத்தை நகரவிடாமல் பிடித்துக்கொள்கிறது. அழுத்தத்தை ஏற்ற ஏற்ற உருளையே தட்டையாகிறது, தகடு மெலிவதில்லை. உருளையின் ஆரத்தை நான்கில் ஒன்றாகக் குறைத்தால் தொடும் நீளம் பாதியாகும். ஆனால் இங்கே ஒரு சிக்கல்: விட்டம் பாதியானாலே, அதே பளுவுக்கு உருளை பதினாறு மடங்கு வளையும்!

மெலிந்த உருளை வேண்டும். அது வளையவும் கூடாது. இதற்கு விடை, பின்னால் முட்டுக் கொடுப்பது. தகட்டைத் தொடும் இரு சிற்றுருளைகளுக்கு மேலும் கீழும் ஒவ்வொரு பருத்த தாங்குருளையை வைத்தால் அது நாலுருளை ஆலை. பிலாயில் 3,600 மில்லிமீட்டர் அகல ஆலை இவ்வகையே. கனத்த தகடுகளுக்கு இதுவே போதும்.

எவர்சில்வரோ உருட்டும்போதே இறுகும் முரட்டு உலோகம். அதற்கென உருளைகளை இன்னும் மெலிதாக்கி, முட்டுகளைப் பெருக்கியவர் போலந்து நாட்டுப் பொறியியலார் ததேயுஷ் செண்ட்சிமிர் (1894–1989). 1980களின் தொடக்கத்தில் உற்பத்தி தொடங்கிய சேலம் உருக்காலையின் குளிர் உருட்டுக் கூடத்தில் அவர் பெயர் பூண்ட ஆலையே இயங்குகிறது. ஒரு சிற்றுருளைக்குப் பின் இரண்டு, அவற்றின் பின் மூன்று, கடைசியில் நான்கு. மேலே பத்து, கீழே பத்து, ஆக இருபது. கடைசி வரிசையில் இருப்பவை உண்மையில் உருளைகளே அல்ல. தண்டுகளில் கோத்த பேரிங்குகள். அத்தண்டுகளை ஒரே வார்ப்பாலான பெருஞ்சட்டம் முனைகளில் மட்டுமன்றி நீளம் முழுவதும் இடையிடையே தாங்குகிறது. அதனால் வளைவுக்கு இடமே மிகக் குறைவு.

இருபுறமும் சுருள்கள் தகட்டை விறைப்பாக இழுத்துப் பிடிக்க, அது முன்னும் பின்னுமாகப் பலமுறை ஓடி மெலிகிறது. மோட்டார் சுழற்றுவதும் தகட்டைத் தொடும் சிற்றுருளையை அன்று, பின்வரிசை உருளைகளையே. சிற்றுருளை உராய்வினால் தானே சுழல்கிறது. ஆகவே அதில் கீறல் விழுந்தால் எளிதில் உருவி எடுத்து வேறொன்றைச் செருகிவிடலாம். அக்கீறலைக் கவனியாது விட்டால், அது சுழலுந்தோறும் தகட்டில் பதிந்துகொண்டே போகும்.