கண்ணாடியில் ஆவி படிவது ஏன்?

விண்வெளி வீரரையே திணற வைத்த தொல்லை இது! 1966 ஜூன் 5 அன்று ஜெமினி 9ஏ விண்கலத்திலிருந்து வெளியே வந்த அமெரிக்க வீரர் யூஜின் செர்னான், பிடிமானம் இல்லாத வெளியில் உடலை நிலைநிறுத்தவே கடுமையாகப் பாடுபட்டார். மூச்சும் வியர்வையும் முகக் கண்ணாடியில் ஆவியாகப் படிந்தன. கண்ணெதிரே இருப்பதும் தெரியவில்லை. கவசத்திற்குள் கையை விட்டுத் துடைக்க முடியுமா? பாவம், மூக்கு நுனியால் தேய்த்துச் சிறிது வழி செய்துகொண்டார். முதுகில் பூட்டிப் பறக்கவேண்டிய கருவியின் சோதனை கைவிடப்பட்டது.

பனிச்சறுக்கு விளையாடுவோருக்கும் இதே தொல்லைதான். வேகமாக வரும்போது எதிரேயுள்ள மரம் தெரியாவிட்டால் என்னாவது?

நாம் விடும் மூச்சு வெப்பமும் ஈரமும் உடையது. குளிர்ந்த கண்ணாடியைத் தொட்டதும் அந்த ஈரம் நுண்துளிகளாகிறது. துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால் கண்ணாடி மங்குகிறது. ஈரத்தையே நீக்க வேண்டுமென்பதில்லை. அது துளியாகத் திரளாதிருந்தால் போதும். சோப்பு நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கிறது. உடனே ஈரம் மெல்லிய படலமாகப் பரவுகிறது. அதனூடே நன்றாகப் பார்க்கலாம். செர்னானுக்குப் பின் சென்ற வீரர்களின் முகக் கண்ணாடியில் இத்தகைய கரைசலே தடவப்பட்டது.

பனிச்சறுக்குக் கண்ணாடியில் இரண்டு வில்லைகள், இடையே காற்று. ஆகவே உள்வில்லை அதிகம் குளிர்வதில்லை. விளிம்பிலுள்ள காற்றுத் துளைகளைத் தொப்பியால் மூடலாகாது. நெற்றியில் ஏற்றி வைத்தால் வியர்வையின் ஆவி உள்ளே புகும். உட்புறத்தை விரலால் தேய்த்தால் பூச்சு போய்விடும்.

நம் மூக்குக் கண்ணாடிக்கு இத்தனை வேண்டாம். சோப்பு நீரில் கழுவி, உதறி, தானாக உலரவிட்டால் சிறிது நேரம் தாங்கும்.