எப்போ மிஸ் ஆகுது, தம்பி?

கண்டியூருக்குள் நுழையும்போது வண்டி மறுபடி திக்க ஆரம்பித்தது. “வெட்டுறப்பவே சாவியை அணை, கிளட்சைப் பிடி, உருட்டிக்கிட்டே ஓரங்கட்டு” என்று பின்னாலிருந்து தம்பியிடம் சொன்னேன். டீக்கடை வாசலில் போய் நின்றோம். அவன் அப்பா ஓட்டிய பழைய புல்லட் 350 அது. பட்டறையில் மூன்று தடவை கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவியாயிற்று, புது பிளக் போட்டாயிற்று, பெட்ரோல் டியூப் மாற்றியாயிற்று. மிஸ்ஸிங் மட்டும் போகவில்லை.

காலையில் அவன் வந்து சொன்னபோது நான் கேட்டது ஒன்றுதான்.

“எப்போ மிஸ் ஆகுது?”

“ஓடும்போதுதாண்ணே.”

“கிளம்பின உடனேயா, கொஞ்ச தூரம் போனப்புறமா? மெதுவாப் போறப்பவா, முறுக்குறப்பவா?”

இதுவரை அவனிடம் யாரும் இப்படிக் கேட்டிருக்கவில்லை. யோசித்துச் சொன்னான். தஞ்சாவூரில் கிளம்பும்போது நன்றாகவே ஓடுகிறது. வெண்ணாற்றுப் பாலம் தாண்டிய பிறகு எங்கோ ஒரு வெட்டு. கண்டியூர் வருவதற்குள் வெட்டு மேல் வெட்டு. கால் மணி நேரம் நிறுத்திவைத்தால் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பிவிடுகிறது.

அவன் சொன்னதிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. பெட்ரோலும் காற்றும் சரியான அளவில் கலந்து, நன்றாக அமுங்கி, சரியான நொடியில் பொறி பட்டால் இன்ஜின் ஓடியே தீரும். ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி. நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடினால் 1500 பொறி, அதாவது நொடிக்கு 25. இதில் ஒன்றிரண்டு தவறினால் போதும், ஒற்றை சிலிண்டர் வண்டியில் உடனே உடம்பு குலுங்கும்.

பெட்ரோல் குறைந்து வரும் மிஸ்ஸிங்கும் பொறி தவறும் மிஸ்ஸிங்கும் ஒரே மாதிரி இருக்காது. பெட்ரோல் குறைந்தால் வண்டி சோர்ந்துபோகும். முறுக்க முறுக்க இழுவை இறங்கும். பொறி தவறினால் ஸ்விட்சை அணைத்துப் போட்டதுபோலப் படக்கென்று வெட்டும். அப்போது எரியாத பெட்ரோல் சைலன்சருக்குப் போய் அங்கே வெடிக்கவும் செய்யும். எனக்குத் தெரிந்து, கார்புரேட்டர் கோளாறு என்று பட்டறைக்கு வரும் பழைய வண்டிகளில் பலவற்றுக்குக் கார்புரேட்டரில் ஒன்றுமே இருக்காது. கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருப்பதால் அதன்மேல்தான் முதலில் கை போகிறது.

ஆனால் கொஞ்ச தூரம் ஓடியதும் வெட்டி, நிறுத்திவைத்தால் சரியாவதற்குப் பொறியைத் தவிர வேறொரு காரணமும் உண்டு. டேங்க் மூடியிலுள்ள சின்ன காற்றுத் துளை அடைத்துக்கொண்டால் பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் வருவது நின்றுவிடும். கொஞ்ச நேரம் நிறுத்தினால் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போய்ச் சரியாகிவிடும். அதனால் வண்டி நின்றதும் முதல் வேலையாக மூடியைத் திறந்தேன். உஸ்ஸென்று காற்று இழுக்கும் சத்தம் வரவில்லை. வழியில் வெட்டும்போதே சோக்கை இழுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தேன். பெட்ரோல் குறைவாகவோ, மேனிஃபோல்டில் காற்று கசிந்தோ இருந்தால் சோக்கில் கொஞ்சமாவது தெளியும். இது தெளியவில்லை.

அடுத்து பிளக். வெட்டுகிற நேரத்திலேயே அணைத்துக் கழற்றினால்தான் பிளக் உண்மையைச் சொல்லும். ஸ்லோவில் ஓடவிட்டு அணைத்துப் பார்த்தால் அது ஸ்லோவின் கதையைத்தான் சொல்லும். முனை காபிப்பொடி நிறத்தில் இருந்தால் நல்லது. எண்ணெய் பிசுபிசுத்தால் ரிங்கையோ வால்வு கைடையோ பார்க்க வேண்டும். இதில் கரியும் ஈரமும் கலந்து பெட்ரோல் வாடை வீசியது. பெட்ரோல் வருகிறது, எரியத்தான் இல்லை.

பிளக்கைத் திரும்பப் போட்டு, சூடு ஆறுவதற்குள் கிக்கரை மிதிக்கச் சொன்னேன். நாலாவது மிதியில் பிடித்தது. பாயின்ட் மூடியைக் கழற்றி, வெயில் படாமல் துண்டைத் தலைமேல் போர்த்திக்கொண்டு குனிந்து பார்த்தேன். பாயின்ட் முனைகளுக்கு நடுவே மஞ்சளாய், தடியாய் ஒரு நெருப்பு துள்ளிக்கொண்டிருந்தது. தம்பியையும் துண்டுக்குள் கூப்பிட்டுக் காட்டினேன்.

டீ வந்தது. வண்டியை அணைத்துவிட்டு உட்கார்ந்தோம்.

பாயின்ட் என்பது திறந்து மூடும் ஒரு ஸ்விட்ச். அது மூடியிருக்கும்போது, பிளக்குக்குப் பொறி கொடுக்கும் காயிலில் மின்சாரம் ஓடும். பாயின்ட் திறக்கிற நொடியில் அந்த ஓட்டம் சட்டென அறுபட வேண்டும். எவ்வளவு சட்டென அறுபடுகிறதோ அவ்வளவு பலமாகப் பிளக்கில் பொறி விழும். ஆனால் மின்சாரம் அவ்வளவு லேசில் நிற்காது; திறந்த இடைவெளியையும் தாண்டிக் குதிக்கப் பார்க்கும். அதைத் தாங்கிக்கொள்ளத்தான் பாயின்ட்டுக்கு அருகில் கண்டன்சர் என்ற விரல்கணு அளவு டப்பி இருக்கிறது. உள்ளே உலோகத் தாளும் காகிதமுமாகச் சுருட்டி வைத்திருக்கும். ஆண்டுக்கணக்கில் இன்ஜின் சூட்டிலேயே இருந்து அதன் இன்சுலேஷன் தளர்ந்துவிடும். ஆறியிருந்தால் தாங்கும், சூடேறினால் கசியும். பிளக்குக்குப் போக வேண்டிய பலம் பாயின்ட்டிலேயே எரிந்து தீரும், பாயின்ட்டும் கரிந்து குழிவிழும்.

“காயில்கூட சூட்டுல இப்படிப் பண்ணும்னு சொன்னாங்களேண்ணே?” என்றான்.

சரியான கேள்வி. காயிலும் அப்படிச் செய்யும். ஆனால் காயில் மட்டும் கெட்டிருந்தால் பாயின்ட்டில் இந்த மஞ்சள் நெருப்பு இருக்காது. சூட்டில் வால்வு முழுக்க மூடாமல் போனாலும் வெட்டும். ஆனால் அப்போது கிக்கர் காலுக்கு லேசாக இருக்கும். இதில் அமுக்கம் கல்மாதிரி இருந்தது.

கால் மணி நேரம் கழித்து வண்டியைக் கிளப்பி மறுபடி துண்டுக்குள் பார்த்தோம். அதே பாயின்ட், அதே காயில். இப்போது நூல்மாதிரி சின்னதாய் நீலப் பொறி. தம்பி என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான்.

சாயங்காலம் வீட்டில் கண்டன்சரை மாற்றினோம். அதை மட்டும்தான். ஒரே நேரத்தில் நாலைந்து சாமான் மாற்றினால் எது கோளாறு என்று கடைசிவரை தெரியாது. கரிந்த பாயின்ட்டை ராவிச் சுத்தம் செய்து, ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளியை 0.35 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தோம். இடைவெளி மாறினால் டைமிங்கும் நகரும். அதனால் டைமிங்கை அதற்குப் பிறகே பார்த்தோம். சாவியைப் போட்டு கிக்கரை மெல்ல அமுக்கினால், பாயின்ட் மூடும்போது அம்மீட்டர் முள் இடப்பக்கம் சாயும், திறந்ததும் நடுவுக்கு வரும். அந்த முள்ளையே அவன் பத்து தடவை ஆட்டி ஆட்டிப் பார்த்தான்.

மறுநாள் நல்ல வெயிலில் போகச் சொன்னேன், காலைக் குளிரில் வேண்டாம் என்று. பன்னிரண்டு மணிக்குக் கிளம்பினான். திருவையாற்றில் காவிரிப் பாலத்தைத் தாண்டி நிறுத்தி, வண்டியை அணைக்காமலே போன் செய்தான். அவன் பேச்சைவிட புல்லட்டின் சத்தம்தான் காதில் நன்றாக விழுந்தது. ஒரு துடிப்புகூடத் தவறவில்லை.