வாய்ச் சண்டையும் வீட்டுப் பாடமும்

"இந்தப் பாட்டை இவர் இப்போதுதான் கட்டினாரா, அல்லது வீட்டில் எழுதி மனப்பாடம் செய்துகொண்டு வந்தாரா?" ஆசுகவி பாடுகிறவர்களை உலகம் எப்போதுமே இந்தச் சந்தேகத்துடன்தான் பார்த்து வந்திருக்கிறது. அமெரிக்காவில் தோன்றிய ‘பேட்டில் ராப்’ என்னும் சொற்போரில் இந்தச் சந்தேகம் தீராத வழக்காகவே நடந்து வருகிறது. அவ்வழக்கின் இரு தரப்பையும் நேயர்களுக்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறோம்.

ராப் என்பது தாளத்துக்கு இசைய, அடிக்கு அடி ஓசை ஒன்றிவரும்படி விரைந்து பேசும் கலை. 1970-களில் நியூயார்க் நகரத்துப் ப்ராங்க்ஸ் பகுதியில் ஏழைக் குடும்பத்து இளைஞர்கள் இதை வளர்த்தார்கள். இருவர் எதிரெதிரே நின்று, ஒருவரை ஒருவர் ராப்பினாலேயே மட்டந்தட்டுவது பேட்டில் ராப். கையோங்குதல் கூடாது, வாய்தான் ஆயுதம். வசவு சில சமயம் குழந்தைகள் காதில் விழத் தகாததாக இருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இக்கலையில் இன்றும் பேசப்படும் போட்டி ஒன்று 1981 டிசம்பரில் ‘ஹார்லம் வேர்ல்ட்’ என்னும் அரங்கில் நடந்தது. பிஸி பீ என்பவர் ஜனங்களைச் சிரிக்க வைத்து, கூடவே கூவ வைத்து, கரகோஷம் வாங்குவதில் கெட்டிக்காரர். அவருக்குப் பின் மேடையேறிய கூல் மோ டீ, கூட்டத்தைக் குஷிப்படுத்தும் வேலையை விட்டுவிட்டு, நேரே பிஸி பீயையே பிடித்துக்கொண்டார். அவருடைய வழக்கமான கூவலைக் கேலி செய்தார். பிறர் சரக்கை எடுத்துக்கொண்டவர் என்று குற்றம் சாட்டினார். அந்த ஒலிநாடா கைமாறிக் கைமாறி எங்கும் பரவிற்று. எதிரில் நிற்பவருக்கென்றே பொருந்தும் சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு என்பதை அது காட்டிற்று.

அப்படிப்பட்ட சொல்லை முன்கூட்டியே தயார் செய்வது எப்படி? இங்கேதான் வழக்கு ஆரம்பமாகிறது. அந்த இடத்திலேயே புனைந்து பாடுவதை இக்காலத்தார் ‘ஃப்ரீஸ்டைல்’ என்கிறார்கள். ஆனால் பிக் டாடி கேன் போன்ற பழைய தலைமுறையினர் சொல்வது வேறு. அவர்கள் காலத்தில் குறிப்பிட்ட விஷயம் எதையும் பற்றாமல் எழுதிய பாட்டுக்கே அந்தப் பெயராம்! அப்போதைக்கப்போது பாடுவதை ‘தலையிலிருந்து எடுத்துப் பாடுவது’ என்றார்களாம்.

1990-களில் ஆசுகவித் தரப்பின் கை ஓங்கியது. பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற எமினெம், 1997-இல் சின்சினாட்டி நகரத்து ‘ஸ்க்ரிபிள் ஜாம்’ போட்டியில் ஜூஸ் என்னும் ஆசுகவியிடம் தோற்றார். அதே எமினெம் 2002-இல் ‘8 மைல்’ திரைப்படத்தில் நடித்தார். அதன் கடைசிப் போட்டியில் கதாநாயகன் தன் வறுமையையும் அவமானங்களையும் தானே முதலில் சபையில் சொல்லிவிடுகிறான். எதிரிக்குச் சொல்வதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை; வாயடைத்து நிற்கிறான். எதிரியின் அம்பறாத்தூணியை இவனே காலி செய்துவிட்டான்!

பிறகு காற்று மாறி அடித்தது. டொரான்டோவில் 2008-இல் ‘கிங் ஆஃப் தி டாட்’, நியூயார்க்கில் 2009-இல் ‘அல்டிமேட் ராப் லீக்’ ஆகிய அமைப்புகள் தோன்றின. இங்கே பக்கவாத்தியம் கிடையாது. எதிராளி யார் என்பது முன்பே தெரியும். பெரும்பாலும் மூன்று சுற்றுக்களுக்கு எழுதி, உருப்போட்டு வருகிறார்கள். சொல்லின் நுட்பம் இதனால் பெரிதும் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஸ்பானிஷ் பேசும் நாடுகளிலோ 2005-இல் தொடங்கிய ‘பட்டாயா தெ லோஸ் கய்யோஸ்’, அதாவது ‘சேவற்சண்டை’ என்னும் போட்டி, இன்றும் ஆசுகவியையே முறையாகக் கொண்டிருக்கிறது.

எழுதி வருகிறவர்களுக்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. நடுவில் ஓர் அடி மறந்துபோனால், நூற்றுக்கணக்கானவர் முன் ஓர் இளைஞன் ஊமையாக நிற்கிறான். படம் பிடிக்கப்பட்ட அந்த மௌனம் வருஷக்கணக்கில் அவனைத் துரத்துகிறது. எதிராளி சற்றுமுன் வீசிய சொல்லையே பிடித்து, தன் சுற்றின் தொடக்கத்தில் சுடச்சுடத் திருப்பி அடிப்பவனுக்கு இந்தச் சபையிலும் தனிக் கரகோஷம் கிடைக்கிறது.

விஞ்ஞானிகளும் இதில் கவனம் செலுத்தியிருக்கிறார்கள். 2012-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில், ராப்பில் தேர்ந்த 12 பேரின் மூளையைக் கருவியால் படம் பிடித்தார்கள். மனப்பாடம் செய்ததைச் சொல்லும்போது இருந்ததைவிட, புதிதாகப் புனையும்போது முன்மூளையின் நடுப்பகுதி அதிகமாக இயங்கிற்று. நம் செயலை மேற்பார்வை பார்த்துக் கட்டுப்படுத்தும் பகுதி அடங்கிற்று. ஆகவே இரண்டும் வெவ்வேறு வித்தைகள் என்பது பொய்யல்ல.

ஆனால் சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? ஓசை ஒன்றும் சொற்களை வருஷக்கணக்காக மனத்தில் சேர்த்து வைத்தவனுக்குத்தான் அவை நொடியில் வந்து உதவுகின்றன. எழுதுகிறவன் பாட்டைத் தயார் செய்கிறான். ஆசுகவி தன்னையே தயார் செய்துகொள்கிறான். உழைப்பில்லாதவன் இரு தரப்பிலும் இல்லை.

எனவே, எழுதி வந்தது குற்றமென்று நாம் கருதவில்லை. எழுதி வந்ததை அப்போதே பிறந்ததாகக் காட்டி நடிப்பதுதான் குற்றம்; அது சபையை ஏமாற்றுவதாகும். இன்னொரு குறையும் உண்டு. அடுத்த அடியை நினைவுபடுத்திக்கொள்ளும் கவலையில், எதிரே நிற்பவன் சொல்வதைக் காதில் வாங்காமலே நிற்பது. பட்டிமண்டபமோ, வழக்குமன்றமோ, ராப் மேடையோ, எங்கும் இதே கதைதான். நிறையத் தயார் செய்துகொண்டு வந்து, தக்க சமயத்தில் அதைக் கீழே போட்டுவிட்டு எதிராளியின் சொல்லுக்கு விடை சொல்லத் துணிகிறவனே, நம் அபிப்பிராயத்தில், சபையை வெல்லத் தகுந்தவன்.