புளியும் சாம்பலும் பலிக்காத உலோகம்

பித்தளைக் குடத்தைப் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்குவது நம் இல்லங்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். குத்துவிளக்காயினும் செப்புப் பானையாயினும் அந்த வைத்தியம் பலிக்கும். ஆனால், எல்லா உலோகத்துக்கும் மருந்து ஒன்றே என எண்ணுவது எத்துணைப் பேதைமை என்பதை, நாற்பத்தைந்தாவது வயதில், என் தந்தையாரின் காரிலே நான் கற்றுக்கொண்டேன். அந்தப் பாடம் பிறருக்கும் பயன்படும் என்பதாலேயே இதனை எழுதத் துணிந்தேன்.

எங்கள் வீட்டிலுள்ளது 1964ஆம் ஆண்டில் செய்யப்பட்ட வொக்ஸ்வாகன் கார்; வண்டு போன்ற வடிவினால் உலகெங்கும் பெயர் பெற்ற வகை. அவ்வகைக் கார்கள் இரண்டு கோடிக்கு மேல் செய்யப்பட்டன. கடைசிக் கார் 2003ஆம் ஆண்டு யூலை மாதத்தில் மெக்சிக்கோவிலுள்ள தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. நில அளவையாளராகப் பணியாற்றிய என் தந்தையார் 1977இல், திருமணமான ஆண்டிலே, அதனைப் பழைய காராக வாங்கினார். அதன் இரு பக்கங்களிலும் முன்னிருந்து பின்வரை வெள்ளிக் கோடு இட்டாற்போல ஒரு மெல்லிய அலுமினியப் பட்டி ஓடும். அதைக் கராஜ்காரர் 'பீடிங்' என்பர். வெள்ளிதோறும் மாலையில் ஈரத்துணியால் அந்தப் பட்டியைத் துடைப்பது தந்தையாரின் வழக்கம்.

அண்மையில் அவருடைய பேர்த்திக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. "பிள்ளை என்ரை காரிலைதான் கோயிலுக்குப் போகவேணும்" என்றார் அவர். நான் காரைச் சற்றே புதுக்கி அவரை மகிழ்விக்க எண்ணினேன்.

குமிழ்கள் சொன்ன செய்தி

வலப்பக்கப் பட்டியிலே கிணற்று நீரின் சுண்ணாம்புப் புள்ளிகள் படிந்திருந்தன. தும்பை எடுத்துப் புளியும் சாம்பலும் கூட்டித் தேய்த்தேன். புள்ளிகள் போகவில்லை, பட்டியின் மேல் நுண்ணிய கீறல்களே எஞ்சின. அதன் பின்னராவது நான் நிறுத்தியிருக்க வேண்டும். நீர்க்குழாய் அடைப்பை நீக்கும் தூள் வீட்டில் இருந்தது. அதை நீரிற் கரைத்துப் பூசினேன். முதலில் ஒன்றும் நிகழவில்லை. சில நிமிடங்களிற் சிறு குமிழ்கள் கிளம்பின. அழுக்கு கழல்கிறது என்று அகமகிழ்ந்தேன். கழுவிப் பார்த்தபோது வெள்ளிக் கோடு இருந்த இடத்தில் மழைக்கால வானம் போன்ற சாம்பல் நிறக் கோடு ஒன்று கிடந்தது. திருமணத்துக்குப் பதினைந்து நாள்களே இருந்தன.

தந்தையார் விறாந்தையிலிருந்து இறங்கி வந்தார். விரலால் பட்டியைத் தடவினார். "தம்பி, பித்தளைக்குச் செய்யிற வைத்தியத்தை இதுக்குச் செய்யலாமோ?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். ஏசியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

உலோகம் அணிந்த ஆடை

நான் கற்பிப்பது வரலாறு. ஆதலால் இரசாயனம் கற்பிக்கும் சக ஆசிரியரிடம் சென்றேன். அவர் விளக்கியது இது:

அலுமினியம் காற்றுப் பட்ட கணத்திலேயே தன்மேல் ஓர் ஒட்சைட்டு ஆடையை நெய்துகொள்கிறது. அவ்வாடை ஒரு மில்லிமீற்றரின் இலட்சத்தில் ஒரு பங்கினும் மெல்லியது. ஆயினும், இரும்பின் துருவைப்போல உதிராமல் உலோகத்தை இறுகப் பற்றிக் காக்கிறது. கார்ப் பட்டிகளுக்கு இவ்வியற்கை ஆடை போதாது. எனவே தொழிற்சாலையில் அப்பட்டியைக் கந்தக அமிலத் தொட்டியில் இட்டு மின்னோட்டத்தின் நேர்முனையாக்கி, ஒட்சைட்டுப் படையைப் பலநூறு மடங்கு தடிப்பாக வளர்க்கின்றனர். பின்னர்க் கொதிநீரில் இட்டு அதன் நுண்துளைகளை அடைக்கின்றனர். இதற்கு 'அனோடைசிங்' என்று பெயர். 1923ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில், கடல்விமானங்களின் உறுப்புகளை உப்புநீரிலிருந்து காப்பதற்கென இத்தகைய முறையொன்று தொழிலளவிற் கையாளப்பட்டது.

அவ்வொட்சைட்டு மாணிக்கமும் நீலமும் ஆன அதே சேர்வையே, மிகக் கடினமானது. ஆனால், அமிலம் காரம் ஆகிய இரண்டுக்குமே தோற்கும் இயல்பு அதற்குண்டு. சாம்பலிற் காரமுண்டு, குழாய்த் தூளிலோ கோஸ்ரிக் சோடா என்னும் கடுங்காரமே உண்டு. அது முதலில் ஆடையைக் கரைத்தது. அதனாலேதான் தொடக்கத்தில் ஒன்றும் நிகழாததுபோல் தோன்றிற்று. பின்னர் உலோகத்தையே தின்னத் தொடங்கியது. நான் கண்டு மகிழ்ந்த குமிழ்கள், கரையும் அலுமினியத்திலிருந்து எழுந்த ஐதரசன் வாயு!

துலக்குமுன் சோதனை

பழைய காரின் மினுங்கும் பாகங்களெல்லாம் அலுமினியம் அல்ல. முதலில் ஒரு காந்தத்தைப் பிடித்துப் பாருங்கள். ஒட்டினால் அது பெரும்பாலும் குரோமியம் பூசிய இரும்பு. ஒட்டாவிட்டால் அலுமினியமாகவோ, துருவேறா உருக்காகவோ, குரோமியம் பூசிய பித்தளை, நாகம் முதலியனவாகவோ இருக்கலாம். கழற்றிக் கையில் ஏந்தினால் அலுமினியம் தன் இலேசினால் தன்னைக் காட்டிக்கொடுக்கும். அதன் எடை அதே கனவளவு இரும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே.

அடுத்து, அனோடைசிங் எஞ்சியுள்ளதா என்று அறிய வேண்டும். மாணவர்கள் இதனைத் தாமே செய்யலாம். ஒரு மின்கலம், ஒரு சிறு மின்குமிழ், இரண்டு கம்பிகள் போதும். கம்பி நுனிகளைக் கூராக விடாது, பட்டியிற் கீறாமல் மெல்லத் தொடுங்கள். ஒட்சைட்டுப் படை மின்னைக் கடத்தாது. ஆகவே குமிழ் எரியாவிட்டால் ஆடை உண்டு, எரிந்தால் ஆடை இல்லை. எங்கள் காரின் இடப்பக்கத்தில் குமிழ் எரியவில்லை. வலப்பக்கத்தில் எரிந்தது. அவ்வெளிச்சத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாயிருந்தது.

துலக்கும் முறை

ஆடை உள்ள பட்டிக்குச் செய்யவேண்டியது மிகச் சிறிது. மென்மையான சவர்க்காரம், மழைநீர், பருத்தித்துணி ஆகியனவே போதும். பின்னர், அரைக்கும் பொடி கலவாத மெழுகை மெல்லப் பூசுக. உலோகம் மினுக்கும் பசைகளை அணுகவிடலாகாது; அவை ஆடையையே அரைத்துவிடும்.

ஆடை இழந்து மங்கிய பட்டிக்கே பெருவேலை. எங்கள் ஊரில் நாற்பது ஆண்டுகளாக ரிங்கர் வேலை செய்யும் ஒரு முதியவர் அதனை ஏற்றுக்கொண்டார். திருகாணி முறுக்கியால் நெம்பாமல், மெல்லிய மூங்கில் ஆப்பினால் ஒவ்வொரு கிளிப்பாக விடுவித்துப் பட்டியைக் கழற்றினார். அலுமினியப் பட்டி ஒருமுறை மடிந்தால் அம்மடிப்பு முற்றாக மறைவது அரிது. சாம்பல் நிறம் படர்ந்த மேற்பரப்பை நீர் தொட்டுத் தொட்டுச் சாண்ட் பேப்பரால் தேய்த்தார்: முதலில் 400 இலக்கத் தாள், பின்னர் 600, 800, 1200, முடிவில் 2000. ஒவ்வொரு தாளையும் முந்திய தாளின் கீறல்களுக்குக் குறுக்காகத் தேய்த்து, அக்கீறல்கள் மறைந்த பின்னரே அடுத்த தாளை எடுத்தார். இறுதியிற் பருத்திச் சில்லும் மினுக்கும் பசையும் கொண்டு தீட்டினார். இரும்பு தீட்டிய சில்லை அவர் தொடவில்லை. இரும்புத்துகள் அலுமினியத்திற் பதிந்தால் அங்கே அரிப்புத் தொடங்கும் என்றார்.

சில பட்டிகளில் ஆடை திட்டுத்திட்டாய் எஞ்சியிருக்கும். அதனைக் கோஸ்ரிக் சோடாக் கரைசலால் அகற்றுவதுண்டு. அது பழகிய தொழிலாளர் கையுறையும் கண்காப்பும் அணிந்து, காற்றோட்டமான இடத்திற் செய்யவேண்டிய வேலை. நீரிலேதான் சோடாவைச் சிறிது சிறிதாக இடவேண்டும். சோடாவின் மேல் நீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணிற் பட்டால் பார்வையே போகலாம். பிள்ளைகள் உள்ள வீட்டில் இதனைச் செய்யவே வேண்டாம்.

காக்கும் முறை

தீட்டிய அலுமினியம் கண்ணாடிபோல் ஒளிரும். ஆனால் அது ஆடையற்ற உடல். கடற்காற்றின் உப்பு அதிற் சிறு குழிகளைத் தோண்டிவிடும். மீண்டும் அனோடைசிங் செய்விப்பதே உத்தமம். நிறமற்ற வார்னிசு பூசலாம். எனினும், அது விளிம்புகளில் உரியத் தொடங்கினால் முழுவதையும் அகற்றிப் பூசவேண்டியிருக்கும். எஞ்சியது மெழுகு. கடற்கரையை அண்டி வாழ்வோர் மாதம் ஒருமுறையேனும் அதனைப் பூசுவது நன்று.

பட்டியைத் திரும்பப் பூட்டும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அலுமினியமும் இரும்பும் ஈரத்தில் நேரே தொட்டுக்கொண்டால் அங்கே ஒரு சிறு மின்கலம் உருவாகி, அலுமினியம் அரிபடும். ஆகவே துருப்பிடித்த பழைய கிளிப்புகளைக் களைந்து, நைலோன் கிளிப்புகளை இடுக. காரின் உடலிலுள்ள துளைகளுக்கு முதலில் வர்ணமும் பின்னர்க் கிறீசும் பூசுக.

கார் இல்லாத இல்லத்தாருக்கும் இதிற் பயனுண்டு. இப்போது பல வீடுகளில் உள்ள அலுமினியச் சன்னல் சட்டங்களும் அனோடைசிங் செய்யப்பட்டவையே. வீட்டுக்கு வெள்ளை அடிக்கும்போதும் பூச்சு வேலையின்போதும் ஈரச் சுண்ணாம்போ சீமெந்தோ அவற்றில் தெறித்தால் உடனே கழுவிவிடுங்கள். உலரவிட்டால் அந்தக் காரம் ஆறாத வடுவை விட்டுவிடும்.

நீக்காமல் விட்ட நெளிவு

இடப்பக்கப் பட்டியில், கதவின் அருகே ஒரு நெளிவு உண்டு. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் அனைவரும் ஒரே நேரத்தில் தென்மராட்சியை நோக்கி இடம்பெயர்ந்தபோது உண்டானது அது. பெற்றோல் கிடையாத அக்காலத்தில் யாழ்ப்பாணத்துப் பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. எங்கள் காரும் பாட்டியையும் பாய் தலையணைகளையும் சுமந்து, சனநெரிசலில் நத்தைபோல் ஊர்ந்தது. பதினைந்து வயதினனான நான் அதன் அருகே நடந்தேன். நெரிசலில் யாரோ ஒருவரின் துவிச்சக்கர வண்டிக் கைபிடி பட்டியில் அழுந்தியது. அவர் அந்த நிலையிலும் நின்று, "ஐயா, குறை நினைக்காதேங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரிங்கர் ஐயா அந்நெளிவைத் தட்டி நிமிர்த்தலாமா என்று கேட்டார். ஒட்சைட்டு ஆடை கடினமானதாயினும் நொய்யது. நிமிர்த்தினால் அது நுண்ணிய வெடிப்புகளாகப் பிளந்துவிடும் என்பதையும் அவரே சொன்னார். தந்தையார், "அது இருக்கட்டும். அந்த மனிசன் எங்கை இருக்கிறாரோ" என்றார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

திருமண நாளன்று கார் பெண்ணைச் சுமந்து கோயிலுக்குப் போயிற்று. வலப்பட்டி கண்ணாடியாய் மின்னியது; இடப்பட்டி அடங்கிய வெள்ளியாய் இருந்தது. "ஒரு பக்கம் புதுமாப்பிள்ளை, மற்றப் பக்கம் பழைய மாப்பிள்ளை" என்று தந்தையார் சிரித்தார். நான் எதிர்பார்த்திருந்த மன்னிப்பு அதுவே.

இப்போது மாதம் ஒருமுறை வலப்பக்கத்துக்கு மெழுகிடுவது என் கடமை. ஆடையைக் கெடுத்தவனே ஆயுள் முழுவதும் காவலிருக்க வேண்டுமல்லவா? இடப்பக்கத்தை அவர் வெள்ளிதோறும் ஈரத்துணியால் துடைக்கிறார். அதற்கு வேறொன்றும் வேண்டியதில்லை. துலக்க எண்ணும் பொருள் எதுவாயினும், முதலில் அதன் இயல்பை அறிந்து, பின்னரே அதில் கையை வைப்போமாக.