குடுவைச் செடியின் இலைகள் வாடுவதேன்?

பூச்சியுண்ணும் தாவரங்களுள் மனிதரின் கண்ணையும் கருத்தையும் ஒருங்கே கவர்ந்தது குடுவைச் செடி. அதன் இலை நுனி நரம்பாக நீண்டு, நரம்பின் முனை மூடியுடன் கூடிய குடுவையாக விரிகின்றது. குடுவையைப் பூவென்று கருதுவோர் பலர். உண்மையில் அஃது இலையின் ஒரு பகுதியே. இந்த ஒன்றை மனத்திற்கொண்டாற் பின்னர் வருவன யாவும் எளிதில் விளங்கும்.

இலங்கைக்கே உரிய இனம் ஒன்று உண்டு. சிங்கள மக்கள் அதனைப் பாந்துரா என்பர். தென்மேற்குப் பகுதியின் மழைமிகு தாழ்நிலங்களிலும், சிங்கராசக் காட்டின் ஓரங்களிலும், வளமற்ற ஈரமண்ணில் அது பற்றிப் படர்கின்றது. 17 ஆம் நூற்றாண்டில் இத்தீவிலே தாவரங்களைச் சேகரித்த போல் ஹேர்மன் என்னும் மருத்துவர் இதனையும் சேகரித்தார். 1753 இல் லின்னேயஸ் இதற்கு நெப்பந்தஸ் டிஸ்ரிலற்றோரியா என்று பெயரிட்டார். ஹோமரின் காவியத்தில் ஹெலன் என்பாள் துயரைப் போக்கும் மருந்தொன்றை மதுவிலே கலந்து கொடுக்கிறாள். நெப்பந்தஸ் என்னும் பெயர் அம்மருந்தின் பெயரிலிருந்து வந்தது. இச்செடியைக் காணும் தாவரவியலாளன் நெடும்பயணத்தின் துன்பத்தை மறந்துவிடுவான் என்பது லின்னேயஸ் கண்ட நயம். வீட்டினுள் இதனை வளர்ப்போருக்கோ துயரைப் போக்குவதினும் துயரைத் தருவதே இதன் வழக்கமாயிருக்கிறது. வாங்கி வந்து ஒரு மாதம் ஆகுமுன் குடுவைகள் கருகுகின்றன. இலைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுத்துத் தொங்குகின்றன.

முதலில் அறியவேண்டியது, எல்லா வாட்டமும் நோயன்று என்பதாகும். தென்னை தன் அடியோலையைக் கழிப்பதுபோல இச்செடியும் அடியிலுள்ள முதிய இலைகளைக் கழிக்கும். குடுவையின் வாழ்நாள் இலையின் வாழ்நாளினும் குறுகியது. சில மாதங்களில் அது மேலிருந்து கீழாகக் காயும். காய்ந்த குடுவையை மட்டும் நறுக்கிவிட்டுப் பச்சையான இலையை விட்டுவிடல் வேண்டும். செடியின் நலத்தை அடியிலைகளைக் கொண்டு மதிப்பிடுவது தவறு. நுனிக் குருத்தைப் பார்க்கவேண்டும். குருத்துப் பச்சையாகவும், புதிய இலை முந்திய இலையின் அளவை ஒத்தும் இருந்தால் அஞ்சுவதற்கு யாதுமில்லை. பல இலைகள் ஒரே காலத்தில் மஞ்சளித்தாலோ, குருத்துச் சுருண்டு கருகினாலோ, அப்போதுதான் காரணத்தைத் தேடவேண்டும்.

மிகுதியாகக் காணப்படும் காரணம் திடீரென நேரும் இடமாற்றம். நாற்றுமேடையின் ஈரக்காற்றில் வளர்ந்த இலை அக்காற்றுக்கு ஏற்றவாறே அமைந்தது. அதனை மின்விசிறி சுழலும் அறையிலோ குளிரூட்டிய அறையிலோ வைத்தால், வேர் கொடுக்கும் நீரினும் இலை இழக்கும் நீர் மிகும். ஆதலின், புதிதாக வந்த செடியை ஒளி புகும் பொலித்தீன் பை ஒன்றால் மூடி, நாள்தோறும் சிறிது சிறிதாகத் திறந்து, இரண்டு மூன்று வாரங்களில் அறைக்காற்றுக்குப் பழக்குதல் நன்று. பையால் மூடிய செடியில் நேர்வெயில் படலாகாது. உள்ளே வெப்பம் ஏறிச் செடி வெந்துவிடும். நீர் தெளிப்பானைக் கொண்டு அடிக்கடி தெளிப்பதனாற் பெரும்பயன் இல்லை. அந்த ஈரம் சில நிமிடங்களில் மறைந்துவிடும். அகன்ற தட்டிற் கூழாங்கற்களைப் பரப்பி, நீர் ஊற்றி, நீர்மட்டத்துக்கு மேலே சாடி நிற்கும்படி வைப்பது அதனினும் மேலானது. கொழும்பு போன்ற ஈரமிகுந்த ஊர்களில், காற்று வேகமாக வீசாத விறாந்தையே போதுமானது. யாழ்ப்பாணத்தில் சோளகக் காற்று வீசும் மாதங்களில் செடியைக் காற்றுக்கு மறைவாக வைத்தல் அவசியம்.

அடுத்தது நீர். இங்கேதான் பலர் அறியாது கெடுக்கின்றனர். இச்செடியின் வேர் உப்பும் சுண்ணாம்பும் மலிந்த நீரைத் தாங்காது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லில் ஊறும் நீரைத் தருவன. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது அச்சுண்ணாம்பே. அந்நீரை நாள்தோறும் ஊற்றினால் சாடியிலும் அவ்வாறே படியும். இலை விளிம்புகள் கபிலநிறமாகிக் காயும். மாரிகாலத்திற் பீலிவழி வரும் மழைநீரைச் சேமித்து வைத்தல் ஒன்றே செலவில்லாத பரிகாரம். முதல் மழையின் நீர் கூரையின் அழுக்கைக் கொண்டுவருமாதலால் அதனை விலக்கலாம். சேமித்த பாத்திரத்தை நுளம்பு பெருகாதவாறு மூடிவைக்க வேண்டும்.

நீர் நல்லதாயினும் தேங்கி நின்றால் வேர் அழுகும். தோட்டத்துச் செம்மண்ணும் எருவும் இச்செடிக்கு ஆகா. தும்புத்தூளும் கழுவிய பரும்மணலும் கரித்துண்டுகளும் கலந்த கலவை ஏற்றது. தும்புத்தூளிற் பெரும்பாலும் உப்புக் கலந்திருக்கும். பலமுறை மழைநீரில் ஊறவைத்துப் பிழிந்த பின்னரே அதனைப் பயன்படுத்தவேண்டும். சாடி மாற்றும்போது வேரின் கருநிறத்தைக் கண்டு, அழுகிவிட்டதென்று நறுக்கிவிடுவோர் உளர். இயல்பிலேயே அவ்வேர் கருமையானது. விரலால் அமுக்கக் குழைவதே அழுகிய வேர். விறைப்பாயிருப்பது உயிருள்ள வேர். அது மிக மெல்லியதாகையால் மண்ணை உதறலாகாது.

ஒளி குறைந்தால் இலை பெருக்கும், குடுவை தோன்றாது. கிழக்கு நோக்கிய சாளரத்தின் காலை வெயில் இரண்டு மூன்று மணிநேரம் கிடைத்தாற் சிறப்பு. நிழலில் இருந்த செடியை உச்சிவெயிலுக்குத் திடீரெனக் கொண்டுபோனால் இலை சிவந்து பொசுங்கும். இலைக்கணுக்களில் வெண்பஞ்சு போன்ற வெண்மூட்டுப் பூச்சி ஒட்டியிருக்கிறதா என்பதையும் இடையிடையே பார்த்தல் வேண்டும். எறும்பின் நடமாட்டம் மிகுந்தால் அதனையே அடையாளமாகக் கொள்ளலாம்.

வாடிய செடிக்கு உணவு கொடுத்துத் தேற்ற நினைப்பது இயல்பு. எனினும் சாடியிலிடும் உரம் வேரைப் பொசுக்கும். குடுவையிலிடும் இறைச்சியும் பாலும் அழுகிக் குடுவையையே கெடுக்கும். குடுவைநீர் இரையைச் செரிக்கவல்லது என்பதனை ஜோசப் ஹூக்கர் 1874 இல் பெல்பாஸ்ற் நகரிலே எடுத்துக்கூறினார். ஆயினும் அஃது எறும்புக்கும் ஈக்கும் அளவான வயிறு. சில வாரங்களுக்கு ஒருமுறை சிறு பூச்சியொன்று போதும். கொண்டுவரும் வழியிற் குடுவைநீர் சிந்திப்போயிருந்தால், மூன்றிலொரு பங்கு மழைநீர் ஊற்றிவைப்பது அது காயாமற் காக்கும்.

வாங்கும்போதே இனத்தைக் கேட்டறிதல் நலம். போர்ணியோ, சுமாத்திரா மலைகளின் உயரத்தில் வளரும் இனங்கள் குளிர்ந்த இரவின்றி வாழா. நுவரெலியாவில் தழைக்கும் அவை கொழும்பிலே மெல்லமெல்ல இலையை இழந்து மடியும், எப்பரிகாரமும் பலியாது. தாழ்நிலத்தினங்களே கரையோர வீடுகளுக்கு உரியன. செடி இறந்ததென்று காட்டுக்குச் சென்று பாந்துராக் கொடியைப் பிடுங்கி வருதலோ ஒருகாலும் தகாது. நெப்பந்தஸ் இனங்களின் வெளிநாட்டு வாணிபம் சர்வதேச உடன்படிக்கையாற் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. அன்றியும் காட்டிலிருந்து பிடுங்கிய கொடி வேரறுந்து வருவதால் வீட்டில் நிலைப்பது அரிது.

வேர் முழுவதும் அழுகிய செடியையும் சிலவேளை மீட்கலாம். தண்டு எவ்விடத்திற் பச்சையாயிருக்கிறதோ அவ்விடத்தில், இரண்டு மூன்று இலைகளுடன் கூரிய கத்தியால் வெட்டி, இலைகளைப் பாதியாக நறுக்கி, ஈரப்பாசியில் ஊன்றிப் பையால் மூடி நிழலில் வைத்தால், ஓரிரு மாதங்களில் வேர்விடும். அதுவரை அதனை அசைத்தும் இழுத்தும் பார்க்கலாகாது.