பீர் விற்காத பீர் கடை

அமெரிக்காவின் சிறு நகரங்களில் ‘ஹோம் ப்ரூ’ என்று பலகை மாட்டிய கடைகளைப் பார்க்கலாம். உள்ளே போனால் பெரும்பாலானவற்றில் ஒரு பாட்டில் பீர்கூட விலைக்குக் கிடைக்காது. சுவரோரம் மூட்டை மூட்டையாகத் தானியம், மூடி போட்ட தொட்டிகளில் வெளிர் மஞ்சளில் தொடங்கிக் கன்னங்கரேல் வரை பல நிறங்களில் வறுத்த மணிகள், ஒரு மூலையில் அரவை இயந்திரம், கண்ணாடிக் கதவு வைத்த குளிர்பெட்டி, கல்லாவுக்குப் பின்னால் ரப்பர் குழாய்ச் சுருள்கள். வீட்டிலேயே பீர் தயாரிப்பவர்களுக்கு வேண்டிய சாமான்களை விற்கும் கடை இது.

புதிதாக இந்த வியாபாரத்தில் இறங்குகிறவர்கள் பளபளக்கும் எவர்சில்வர் அண்டாக்களையும் கண்ணாடிக் குடுவைகளையும் வாங்கி அடுக்கிவிட்டு, இதைப் பாத்திரக் கடையாக நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் இது காய்கறிக் கடை. கல்லாவை நிரப்புவதும் காலி செய்வதும் கெட்டுப்போகக்கூடிய சரக்குதான்.

வீட்டு பீரை அனுமதிக்கும் சட்டம் பிறக்கும் முன்பே இந்தக் கடைகள் பிறந்துவிட்டன என்பதிலிருந்து கதையைத் தொடங்க வேண்டும். 1920 ஜனவரியில் அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு வந்தது. பல பீர் ஆலைகள் மூடப்பட்டன; மளிகைக் கடைகளில் முளைகட்டிய வாற்கோதுமையிலிருந்து எடுக்கும் மால்ட் பாகு டப்பா டப்பாவாக விற்றது. ரொட்டி சுடுவதற்கு என்று சொல்லித்தான் விற்றார்கள். ஆனால் அதில் பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் சாறு கலந்த வகையும் நன்றாக ஓடியது. கசக்கும் ரொட்டியை யார் தின்றார்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்தில் எஃப்.எச். ஸ்டைன்பார்ட் என்ற சாமான் கடை தொடங்கியது 1918இல். அந்த மாநிலம் அதற்கு இரண்டு ஆண்டு முன்பே மதுவிலக்குக்குள் போயிருந்தது.

சாமான் விற்பதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. கள்ள மது தயாரிப்பவர்களுக்கு விற்பதற்காக வைத்திருந்த பீப்பாய், பாட்டில், கார்க், லேபிள் ஆகியவற்றையும் அரசு பறிமுதல் செய்யலாம் என்று 1930இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1933இல் மதுவிலக்கு நீங்கியபோது வீட்டில் ஒயின் தயாரிக்க அனுமதி கிடைத்தது. வீட்டு பீருக்குக் கிடைக்கவில்லை. அடுத்த நாற்பத்தைந்து ஆண்டுகள் அது எழுத்தளவில் குற்றமாகவே இருந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் வுட்லண்ட் ஹில்ஸ் பகுதியில் ஒயின், பீர், பாலாடைக்கட்டி மூன்றுக்கும் சாமான் விற்ற ஒரு கடையில் 1974இல் ‘மால்டோஸ் ஃபால்கன்ஸ்’ என்ற வீட்டு பீர்க்காரர்கள் சங்கம் உருவாயிற்று. கலிபோர்னியாவின் சிகோவில் கென் கிராஸ்மன் என்ற இளைஞர் 1976இல் இப்படி ஒரு கடை திறந்தார். நல்ல ஹாப்ஸ் வேண்டும் என்பதற்காக வாஷிங்டன் மாநிலத்தின் யாகிமா பள்ளத்தாக்கு வரை காரோட்டிப் போய் வாங்கிவந்தார். சில ஆண்டுகளில் அவரே ‘சியரா நெவாடா’ என்ற பீர் ஆலையைத் தொடங்கினார்.

1978 அக்டோபர் 14 அன்று அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் இந்தத் தொழிலை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. வயதுவந்த ஒருவர் மட்டும் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 கேலன், இருவர் அல்லது அதற்கு மேல் இருந்தால் 200 கேலன் பீர் வரியில்லாமல் தயாரித்துக்கொள்ளலாம். 200 கேலன் என்பது சுமார் 760 லிட்டர். விற்கக் கூடாது. காய்ச்சி வடிக்கும் சாராயம் இந்த அனுமதியில் சேராது. மாநிலச் சட்டங்கள் தனி. அலபாமாவும் மிசிசிப்பியும் 2013இல்தான் வழிவிட்டன. பிரிட்டன் இந்த விஷயத்தில் முந்திக்கொண்டது. அங்கே 1963இலேயே உரிமம் தேவையில்லை என்றாகி, மருந்துக்கடையான பூட்ஸில்கூட பீர் தயாரிக்கும் பொட்டலங்கள் விற்றன. நம் ஊரில் யாராவது ஆசைப்பட்டால் தெரிந்துகொள்ளட்டும்: தமிழ்நாட்டில் உரிமமின்றி மது தயாரிப்பது 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம்.

இனி அலமாரிக்கு வருவோம். வீட்டு பீர்க்காரர்களின் கணக்கில் ஒரு தடவை காய்ச்சுவது என்றால் 5 கேலன், அதாவது 19 லிட்டர். ஏறக்குறைய 50 பாட்டில். இதற்கு மால்ட் சுமார் நாலரை கிலோ ஆகும். மால்ட் என்பது முளைகட்டி, உலர்த்தி, வேண்டிய பதத்துக்கு வாட்டிய வாற்கோதுமை. அந்த நாலரை கிலோவில் நாலு கிலோவுக்கு மேல் அடிப்படை மால்ட். நிறத்துக்கும் மணத்துக்கும் சேர்க்கும் வறுத்த வகைகள் இருநூறு, முந்நூறு கிராம்தான். ஆகவே 25 கிலோ அடிப்படை மால்ட் மூட்டை ஆறு வாடிக்கையாளரோடு தீர்ந்துவிடும். கருக வறுத்த வாற்கோதுமை ஒரு மூட்டை வாங்கினால் நூறு பேருக்கு வரும்; அதற்குள் வாசனை போய்விடும், வண்டும் வந்துவிடும். விவரம் தெரிந்த கடைக்காரர் அடிப்படை மால்ட்டை மூட்டைக்கணக்கில் இறக்கி, வறுத்த வகைகளைச் சிறு பொட்டலங்களாக எடுப்பார். இருபது வகைத் தொட்டிகளை அழகுக்காக நிரப்பி வைப்பவரின் பணம் தொட்டிக்குள்ளேயே தூங்கும்.

அரைக்காத மால்ட் ஈரம் படாமல் இருந்தால் ஒரு வருடம்கூட நிற்கும். அரைத்தது சில வாரங்களில் சோர்ந்துவிடும். மூலையில் அந்த இயந்திரம் நிற்பதற்குக் காரணம் இதுதான். வாங்குகிறவர் கண்ணெதிரே அரைத்துக் கொடுக்க வேண்டும். இரண்டு உருளைகளுக்கு நடுவே சுமார் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. உமி கிழியாமல் முழுசாக நிற்க வேண்டும், உள்ளிருக்கும் பருப்பு ரவைப் பதத்தில் உடைய வேண்டும். ஊறலை வடிகட்டும்போது அந்த உமிதான் சல்லடை. மாவாக அரைத்துவிட்டால் வடியாமல் அடைத்துக்கொள்ளும். முழு மணியாக விட்டுவிட்டால் சர்க்கரை இறங்காது. இடைவெளியைக் கொஞ்சம் அகலமாக வைத்துக் கூடுதல் தானியம் வாங்க வைக்கிறார்கள் என்று சில கடைக்காரர்கள் மேல் பழைய புகார் உண்டு. அடிக்கடி சரிபார்க்காத சோம்பல்தான் உண்மைக் காரணமாக இருக்கும் என்பது என் எண்ணம். அரைக்கும்போது பறக்கும் தூசியில் பீரைப் புளிக்க வைக்கும் பாக்டீரியா இருக்கிறது. அதனால் இயந்திரத்துக்குத் தனித் தடுப்பு வேண்டும். வாளிகளும் குழாய்களும் அதன் பக்கத்தில் இருக்கக் கூடாது.

தானியம் ஊறவைத்துச் சாறு எடுக்கப் பொறுமையில்லாதவர்களுக்கு மால்ட் பாகு இருக்கிறது. புதியவர்கள் பெரும்பாலும் இதில்தான் தொடங்குகிறார்கள். ஆனால் பாகு டப்பாவுக்குள் இருந்தபடியே நாளாக ஆகக் கறுக்கும். பீரில் ஒரு பழைய சுவை ஏறும். பெரிய டிரம்மாக வாங்கிக் குழாய் வைத்து ஊற்றிக் கொடுத்தால் லாபம் அதிகம்தான், சீக்கிரம் தீரும் கடையாக இருந்தால். கூட்டம் குறைவான கடைக்கு ஒன்றரைக் கிலோ டப்பாவே நல்லது. தூளாக வரும் மால்ட்டுக்குக் காற்றுப்புகாத பை போதும்.

பணத்தை அதிகம் விழுங்குவது ஹாப்ஸ். இது ஒரு கொடியின் பூ. பீருக்குக் கசப்பையும் மணத்தையும் தருவது. அமெரிக்க ஹாப்ஸில் பெரும்பகுதி அந்த யாகிமா வட்டாரத்தில் விளைகிறது. ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் ஒரே ஒரு அறுவடை. காயவைத்து, பொடித்து, சிறு குளிகைகளாக அழுத்தி, நைட்ரஜன் நிரப்பிய அலுமினியப் பையில் அடைக்கிறார்கள். வெப்பமும் காற்றும் இதற்கு ஆகாது. பழசான ஹாப்ஸை உள்ளங்கையில் வைத்துக் கசக்கி முகர்ந்தால் பூவாசமோ எலுமிச்சை வாசமோ இருக்காது. நாள்பட்ட பாலாடைக்கட்டி நாற்றம் அடிக்கும்.

மொத்த வியாபாரியிடம் 5 கிலோ பெட்டியாக வாங்கினால் விலை மலிவு. பிரித்துப் பொட்டலம் போட்டால் 28 கிராம் பொட்டலம் 170க்கு மேல் வரும். சாதாரண பேல் ஏல் பீர் ஒரு தடவை காய்ச்ச இரண்டு மூன்று பொட்டலம் போதும். ஆக ஒரே வகை ஹாப்ஸ் ஒரு பெட்டியைத் தீர்க்க அறுபது, எழுபது பேர் அதே வகையைக் கேட்டு வரவேண்டும். பெட்டியைத் திறந்த நிமிடத்திலிருந்து மணம் இறங்கத் தொடங்குகிறது. கேஸ்கேட், சிட்ரா போல எப்போதும் ஓடும் வகைகளைப் பெட்டியாக எடுக்கலாம். மற்றவற்றுக்கு ஆலையிலிருந்தே அடைத்துவரும் சிறு பொட்டலம்தான் சரி, லாபம் குறைந்தாலும். இங்கேதான் கடைக்காரரின் படிப்பு உதவும். சென்டெனியல் வகை ஹாப்ஸ் கேட்டவரிடம் “கேஸ்கேடைக் கொஞ்சம் கூட்டிப் போடுங்கள், வித்தியாசம் பெரிதாகத் தெரியாது” என்று சொல்லத் தெரிந்தவருக்கு அலமாரியில் பத்து வகை குறைவாக இருந்தாலும் குறையில்லை. இதை எந்தக் கணினியும் சொல்லாது என்றில்லை; ஆனால் கேட்டவர் கையோடு வாங்கிப் போவது கடையில்தான் நடக்கும்.

மால்ட் சாற்றை நொதிக்க வைக்கும் ஈஸ்ட் இரண்டு வகையாக வருகிறது. உலர் ஈஸ்ட் 11.5 கிராம் உறையில் வரும். குளிரில் வைத்தால் இரண்டு வருடம் தாங்கும். திரவ ஈஸ்ட் அப்படியில்லை. உயிரோடு இருக்கும் சரக்கு. ஐந்தாறு மாதம்தான் அதன் ஆயுள், வாரம் ஏற ஏற வலு குறைந்துகொண்டே போகும். வையீஸ்ட் நிறுவனத்தின் பாக்கெட்டுக்குள் ஊட்டச்சத்து நிரப்பிய சின்னப் பை ஒன்று இருக்கும். வெளியிலிருந்து உள்ளங்கையால் ஓங்கி அறைந்தால் அது உடைந்து ஈஸ்ட்டோடு கலக்கும். சில மணி நேரத்தில் பாக்கெட் தலையணையாய் உப்பினால் ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது என்று பொருள். உப்பாத பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மதியம் நிற்கும் வாடிக்கையாளர் மறுபடி அந்தக் கடைக்கு வரமாட்டார். அவர் அடுப்பில் 19 லிட்டர் மால்ட் சாறு ஆறிக்கொண்டிருக்கும்.

ஆகவே திரவ ஈஸ்ட்டில் ஆறேழு வகைக்கு மேல் சிறிய கடை எடுக்கக் கூடாது. தேதி நெருங்கினால் பாதி விலைக்குத் தள்ளிவிட வேண்டும். அதற்கும் கூச்சப்பட்டால் குளிர்பெட்டி குப்பைத்தொட்டி ஆகிவிடும். மற்ற எல்லாவற்றுக்கும் உலர் ஈஸ்ட்டே போதும். இப்போது வரும் உலர் ஈஸ்ட்டில் தரக்குறைவு என்று சொல்வதற்கில்லை.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூடியோடு வாளி, காற்றுப்பூட்டு, வடிகுழாய், வெப்பமானி, பாட்டில் மூடி அழுத்தும் கருவி: ஒருவருக்கு ஒருமுறை விற்றால் பத்து வருடத்துக்கு அவர் திரும்பிப் பார்க்கமாட்டார். விதிவிலக்கு ஹைட்ரோமீட்டர். சாற்றின் அடர்த்தியை அளக்கும் இந்த மெல்லிய கண்ணாடிக் குழல் கழுவும் தொட்டியில் அவ்வளவு சுலபமாக உடையும். கடைக்காரர்கள் இதை எப்போதும் இருப்பு வைத்திருப்பார்கள். பாட்டில் மூடிகளும் கிருமிநீக்கித் திரவமும் தொடர்ந்து ஓடும் சரக்கு. வீட்டு பீர் கெடுவதற்கு முதல் காரணம் கழுவாத பாத்திரம் என்பதால், புதியவர் கையில் கிருமிநீக்கியைத் திணிப்பது வியாபாரமும் ஆகும், உபகாரமும் ஆகும்.

ஒருமுறை விற்றதைத் தொடர் வியாபாரமாக மாற்றியது வேறொன்று. குளிர்பானக் கம்பெனிகள் ஒருகாலத்தில் பாகை 5 கேலன் எவர்சில்வர் உருளைகளில் உணவகங்களுக்கு அனுப்பின. பிறகு அட்டைப்பெட்டிக்குள் பிளாஸ்டிக் பை வைத்து அனுப்பத் தொடங்கியதும் அந்த உருளைகள் காயலான் விலைக்கு வந்தன. ஐம்பது பாட்டில் கழுவி அலுத்துப்போனவர்கள் அவற்றை வாங்கிக்கொண்டார்கள். உருளையில் பீர் ஊற்றினால் கார்பன் டை ஆக்சைடு வேண்டும். சிலிண்டர் தீர்ந்தால் நிரப்ப வேண்டும். நிரப்ப வருகிறவர் ஒரு பொட்டலம் ஹாப்ஸாவது வாங்காமல் போவது அபூர்வம். வாயு நிரப்பித் தரும் வசதியில்லாத கடை வாடிக்கையாளரைத் தானே வெளியே அனுப்புகிறது என்றுதான் சொல்வேன். சிலிண்டரைத் தபாலில் நிரப்ப முடியாது.

தபால்தான் இன்று இந்தக் கடைகளுக்குப் பெரிய போட்டி. இணையக் கடைகள் மூட்டை விலையில் தோற்கடிக்கின்றன. மின்னசோட்டாவின் நார்தர்ன் ப்ரூவர் என்ற பெரிய கடையை 2016இல் உலகின் மிகப் பெரிய பீர் கம்பெனியான ஏபி இன்பெவ்வின் கிளை நிறுவனம் வாங்கியபோது வீட்டு பீர்க்காரர்கள் கொதித்தார்கள். கடைகளில் கூட்டம் குறைந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1970களின் இறுதியில் அமெரிக்காவில் பீர் ஆலைகள் நூறுக்கும் குறைவு. நல்ல பீர் குடிக்க ஆசைப்பட்டால் தானே காய்ச்சிக்கொள்ள வேண்டியிருந்தது. இன்று ஆலைகள் 9,000க்கு மேல். தெருமுனையிலேயே நல்ல பீர் கிடைக்கும்போது, ஆசைக்காகக் காய்ச்சுகிறவர் மட்டுமே கடைக்கு வருகிறார்.

வருகிறவருக்கும் பருவம் உண்டு. கோடையில் அடுப்படியில் நிற்க யாருக்கும் மனம் வராது, வியாபாரம் படுத்துவிடும். மே முதல் சனிக்கிழமையும் நவம்பர் முதல் சனிக்கிழமையும் அமெரிக்க வீட்டு பீர் தயாரிப்போர் சங்கம் நாடு தழுவிய காய்ச்சும் நாட்களாக நடத்திவருவதால் அதற்கு முந்தைய வாரங்களில் சரக்கு நிறைய வேண்டும். கிறிஸ்துமஸுக்கு முன்பு பரிசுப் பெட்டிகளாகத் தொடக்கக் கருவித் தொகுப்புகள் போகும். ஜனவரியில் அந்தப் பெட்டியைப் பிரித்தவர்கள் சந்தேகம் கேட்டு வருவார்கள். அந்த ஜனவரிக் கூட்டத்துக்குப் பொறுமையாகப் பதில் சொல்கிற கடைக்குத்தான் அவர்களில் சிலர் வருடக்கணக்கில் வருவார்கள்.

அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ இருந்துகொண்டு இந்தக் கலையில் இறங்க நினைக்கும் தமிழர்கள், கடைக்குள் போனதும் அண்டாவைப் பார்க்காதீர்கள். குளிர்பெட்டியைத் திறந்து ஈஸ்ட் பாக்கெட்டின் தேதியைப் படியுங்கள்; ஹாப்ஸ் குளிரில் இருக்கிறதா, வெளிச்சத்தில் தொங்குகிறதா என்று பாருங்கள்; மால்ட் மணி ஒன்றை வாயில் போட்டுக் கடியுங்கள், மொறுமொறுவென்று உடைய வேண்டும். இந்த மூன்றும் சரியாக இல்லாத கடையில் வாளி மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.