பல்லைப் பார்க்க ஆளில்லை

எட்டயபுரத்துச் சனிக்கிழமைச் சந்தையில் ஆட்டின் வயதைச் சொந்தக்காரரிடம் கேட்பவன் ஏமாளி. கீழுதட்டைக் கட்டைவிரலால் மடக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். மேல்வாயில் முன்பல் கிடையாது, கெட்டி ஈறுதான். கீழே எட்டு. அத்தனையும் அரிசி மாதிரிச் சிறுத்திருந்தால் 'பல் போடாத குட்டி'. நடுப்பல் இரண்டும் விழுந்து அகலமாகப் புதுசு முளைத்திருந்தால் 'ரெண்டு பல்லு'. வயது ஒன்று, ஒன்றரை. அப்புறம் நாலு பல்லு, ஆறு பல்லு. எட்டும் மாறிக் 'கடை சேர்ந்துவிட்டால்' மூன்று, நாலு வயது. அதன்பின் பல் தேயும், ஆடும், கொட்டும். விலையும் கூடவே கொட்டும்.

பக்ரீத் நெருங்கினால் இந்தக் கணக்குக்கு மவுசு. குர்பானிக்கு வாங்குகிறவர்கள் பல் போட்ட கிடாயாகத் தேடுவார்கள். மற்ற நாட்களில் தராசுதான் பேசுகிறது. உயிர் எடை கிலோவுக்கு இவ்வளவு. வாயைத் திறந்து பார்ப்பானேன்? தொல்காப்பிய மரபியலில் ஆட்டுக் கிடாய்க்கு மட்டும் மோத்தை, தகர், உதள், அப்பர் என்று நாலு பெயர். கறிக்கடைப் பலகையில் எல்லாம் மட்டன்.

துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசிய தரகர்களிடம் ஏமாந்தவர்கள் தராசே மேல் என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் தராசுக்குக் கிடாயும் ஒன்றுதான், பெட்டையும் ஒன்றுதான். என் கவலை அந்தப் பெட்டைக்குட்டி.

ராமநாதபுரத்துக் கீதாரிகள் கிடாய்க்குட்டிகளைக் கழிப்பார்கள்; பொறுக்கியெடுத்த ஓரிரண்டுதான் பொலிகிடாயாக நிற்கும். பெட்டையை லேசில் விற்கமாட்டார்கள். மந்தை பெருகுவதும், கிடை போட்டு வயலுக்கு எரு கொடுப்பதும் பெட்டையை நம்பித்தான். இப்போது மேய்க்க ஆளில்லை, மேய்ச்சல் நிலமில்லை, வீட்டில் அவசரச் செலவு. நாலு மாதப் பெட்டையும் வண்டியேறிவிடுகிறது. வெள்ளை உடம்பில் செம்பொட்டு விழுந்த வேம்பூர் ஆடும், கீழக்கரிசலும் அருகிப்போனதற்குக் கலப்பு ஒரு காரணம் என்பார்கள். பல் போடுமுன்பே அறுபடும் பெட்டைகளையும் அந்தக் கணக்கில் எழுத வேண்டாமா?

சினை ஐந்து மாதம். தீனி வாய்த்தால் ஒரு பெட்டை இரண்டு வருஷத்தில் மூன்று ஈத்துகூட எடுக்கும். குட்டியாக விற்றதற்கு ஈடாக ரெண்டு பல் பெட்டை தேடிச் சந்தைக்குப் போனால் அது கைக்கெட்டாத விலை. கையிலிருக்கும் காசுக்கு அகப்படுவது பல்லாடும் கிழடுதான்.